பத்து முப்பத்தைந்துக்கு விழுந்த கோழி

ஃபலேசிக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. பேசின்தான் நிற்கும். "விளிம்பு உடைஞ்ச பச்சை வாளி ரெண்டு வாரமா வரலியே, உடம்பு சரியில்லையா?" என்பாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊர் கபுடுவில் அவளுடைய மாவு மில் என் வீட்டு வாசலிலிருந்து பதினோரு தப்படி தூரத்தில், மண்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பெயர் நிற்காததற்குக் காரணம் உண்டு. மில்லில் வரிசையில் நிற்பது பெண்கள் அல்ல, அவர்களுடைய பேசின்கள். விடிவதற்கு முன் சோளத்தோடு பேசினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒருத்தி அடிபம்புக்குப் போவாள், ஒருத்தி காட்டுக்குப் போவாள். முறை நெருங்கும் நேரத்தில் திரும்பி வருவார்கள். அடுத்தவர் பேசினை யாரும் நகர்த்துவதில்லை. இத்தனை வருடங்களில் வரிசைக்காக இரண்டே சண்டைகள் நடந்தன. இரண்டும் ஒரே நிற வாளிகளால் வந்தவை.

அந்த மில் வந்த கதை சிறியது. ஃபலேசியின் கணவன் கெனானி 1991இல் ஜோகனஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனான். 1994 ஜூன் மாதம் ஒரு லாரியில் டீசல் என்ஜினும் அரவை இயந்திரமும் வந்து இறங்கின. கூடவே ஒரு கடிதம்: நான் டிசம்பரில் வருகிறேன், அதுவரை யாரையாவது வைத்து ஓட்டு. டிசம்பரில் அவன் வரவில்லை. அதற்குப் பிறகு கடிதமும் வரவில்லை. வைத்த ஆள் பாதி மாவைத் திருடினான். அவனை அனுப்பிவிட்டு, நான்காம் வகுப்பு படித்த ஃபலேசி, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, சல்லடை மாற்றவும் பெல்ட் ஏற்றவும் தானே கற்றுக்கொண்டாள். பெண் தொட்டால் என்ஜின் நின்றுவிடும் என்று சந்தையில் சொன்னார்கள். நின்றது உண்மைதான். ஆண்கள் ஓட்டும் என்ஜின்களும் நின்றன.

நான் விவசாய அலுவலகத்துக்காக முப்பத்தொரு வருடம் மழை அளந்து எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் மழைமானி என் முற்றத்திலேயே இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பார்த்து எழுதுகிறேன். 2015 டிசம்பர் 24 முதல் இந்தக் கதை நடந்த 2016 ஜனவரி 13 வரை, இருபத்தொரு நாள், என் நோட்டில் பூஜ்யம். முதலில் விதைத்தது முளைத்துக் கருகியது. மறுபடி விதைக்க வீட்டுக்கு ஐந்து கிலோ விதைச் சோளம் கொடுத்தார்கள். பூச்சி மருந்து பூசிய விதை, நல்ல இளஞ்சிவப்பு நிறம், பொட்டலத்தில் மண்டையோட்டுப் படம். ஒவ்வொரு வீட்டிலும் கூரைக் கழியில் அந்தப் பொட்டலம் மழைக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பானை காலியாக இருந்தது. இங்கே ஒரு வீட்டுக்காரியைச் சொல்லக்கூடிய மிக மோசமான வார்த்தை "விதையைத் தின்றவள்" என்பது. அந்த வார்த்தை விழுந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெண்கள் சோளத்தை அப்படியே அரைக்கக் கொண்டுவருவதில்லை. இடித்துத் தவிட்டை நீக்கி, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பல தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்திக் கொண்டுவருவார்கள். அப்போதுதான் எங்கள் களியான நசிமா வெள்ளையாகக் கிளற வரும். ஆகவே மில்லுக்கு வருகிற எந்தச் சோளமும் கழுவி வெளுத்துத்தான் இருக்கும். அதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட முடியாது.

ஜனவரி 13, புதன்கிழமை. ஏழு இருபதுக்கு என்ஜின் ஓடத் தொடங்கியது. ஒன்பது மணி வாக்கில் நான் மில் வாசலில் நின்றிருந்தேன். சைக்கிள் டாக்ஸி ஓட்டும் ஜெயிலோசி, மனைவிக்குப் பதிலாகப் பேசினோடு வந்திருந்தான். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"மழைக்காரரே, இன்னிக்கு எவ்வளவு?"

"பூஜ்யம்."

"நேத்து?"

"பூஜ்யம்."

"அப்படின்னா நாளைக்குள்ளதையும் சேத்து இன்னிக்கே எழுதிடுங்க. மை மிச்சம்."

ஒன்பது நாற்பதுக்குப் பெல்ட் கழன்றது. ஃபலேசி அதை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய புள்ளிக்கோழி என் முற்றத்துக்கு வந்து தட்டில் தண்ணீர் குடித்தது. நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பெண்கள் வைத்த பெயர் போலீஸ். மில் வாசலில் நின்றுகொண்டு, கீழே சிந்துகிற மாவில் தன் பங்கை எடுக்காமல் ஒருத்தியையும் போகவிடாது. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு என்ஜின் மறுபடி ஓடியது. அதன் பிறகு ஐந்து பேசின்கள் அரைபட்டன. பத்து முப்பத்தைந்துக்குக் கோழி விழுந்தது.

முதலில் கால்கள் பரப்பி நின்றது. கழுத்து பின்னால் வளைந்தது. இறக்கை நடுங்கியது. இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஃபலேசி சிரிக்கவில்லை. என்ஜினை நிறுத்தினாள்.

மாவு இறங்கும் நீண்ட துணிக்குழாயைக் கழற்றி, எனக்கு மட்டும் தெரியும்படி உள்பக்கத்தைத் திருப்பினாள்.

"மாமா, இங்க வாங்க. சும்மா பாக்குற மாதிரி பாருங்க."

தையல் மடிப்பில் மாவு படிந்திருந்தது. வெள்ளை மாவுக்கு நடுவே நூல் அளவு இளஞ்சிவப்பு.

"இது விதை..." என்றேன்.

"பேசாதீங்க."

துணியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வரிசையில் பதினெட்டு பேசின்கள் இருந்தன.

"டீசல் ஒழுகி மாவுல கலந்திருச்சு. இன்னிக்கு மில் இல்ல. ஜெயிலோசி, உன் பேசினைக் குடு. அதுலயும் இருக்கும். வேற மாவு தர்றேன்."

"டீசல் நசிமாவா?" என்றான் ஜெயிலோசி. "பரவால்ல அக்கா, குடு. தின்னுட்டு நானே என்ஜின் மாதிரி ஓடுறேன். சைக்கிள் செலவு மிச்சம்."

"குடுடா."

அவன் பேசினை நீட்டினான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பேசின்களைத் தூக்கினார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மில் உண்டு. "அதான் பொம்பளை என்ஜின்" என்று ஒருத்தி போகிறபோக்கில் சொன்னாள்.

உள்ளே வந்ததும் நான் சொன்னேன், "ஃபலேசி, நடந்ததை அப்படியே சொல்லிடு. டீசல்னு ஏன் சொல்ற?"

"சொன்னா என்ன ஆகும் மாமா? நாலு பேரு பயந்து மாவைக் கொட்டுவாங்க. அஞ்சாவது ஆளு, விதையை அரைச்ச ஆளு, வெக்கத்துல கதவைச் சாத்திக்கிட்டு அதையே கிளறித் தின்னும், புள்ளைகளுக்கும் குடுக்கும். எனக்கு வேண்டியது அந்த அஞ்சாவது ஆளு."

நான் நோட்டைத் திறந்தேன்.

"பெல்ட் மாட்டுனதுக்கு அப்புறம் யார் யாரு?" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சிவப்புப் பூப் போட்ட பீங்கான் பேசின், அது ஜெயிலோசியோடது. வெள்ளைப் பெயின்ட் வாளி. நீலப் பேசின், விளிம்புல கம்பியால தச்சது. நசுங்கின அலுமினியம். பாதியா அறுத்த மஞ்சள் எண்ணெய் கேன்."

வீடுகள் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்று கணக்கெடுப்புகளுக்கு ஊரின் வீட்டுப் பட்டியலை எழுதியவன் நான். ஃபலேசி தன் வீட்டில் மார்ச் வரைக்கும் வைத்திருந்த மாவு மூட்டையை இழுத்து ஜெயிலோசியின் சைக்கிளில் ஏற்றி, அதன்மேல் தானும் உட்கார்ந்தாள். நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். பதினொன்று ஐந்து. பெரும்பாலான வீடுகளில் அந்த மாதம் ஒருவேளைச் சாப்பாடுதான். அது மதியமா மாலையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதுதான் என்னை வேகமாக மிதிக்க வைத்தது.

பெயின்ட் வாளி வீட்டில் சிக்கல் இல்லை. மாவு மூடியபடியே இருந்தது. மாற்றினோம். அலுமினியக் கிழவி மட்டும் விடவில்லை. "டீசல் விக்கிற விலைக்கு அதை மாவுல ஊத்துறியே, உனக்கு அவ்வளவு கொழுப்பா?" என்றாள். நல்ல மாவை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் தன் பேசினைக் கொடுத்தாள். பதினொன்று நாற்பது.

மஞ்சள் கேன்காரி வீட்டில் இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு சாவு. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டு மாவு துக்க வீட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே பெரிய தொட்டியில் கொட்டி, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நசிமா கிளறுவார்கள். அன்றைக்கு அங்கே நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

நாங்கள் போனபோது தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் கேன்காரிக்கு முன்னால் இரண்டே பேர். ஃபலேசி மூட்டையிலிருந்து குதித்து, ஓடி, அவள் தலையிலிருந்த தட்டை எடுத்துவிட்டாள். ஒப்பாரி நின்றது. துக்க வீட்டு வாசலில் ஒருத்தியின் தட்டைப் பறிப்பது எங்கள் ஊரில் நான் அதற்கு முன் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் மஞ்சள் கேன்காரி.

"டீசல். என் மில்லுல டீசல் கலந்திருச்சு. இந்தா, நல்ல மாவு. ரெண்டு தட்டாக் குடு. மன்னிச்சுக்க."

உள்ளேயிருந்து ஒரு கிழவர் சொன்னார், "செத்தவனுக்கு எப்பவோ செரிச்சிடுச்சு. இருக்கறவனுக்குத்தான் டீசல் போடணுமா, ஃபலேசி?" யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் தலை குனிந்தபடியே நின்று, தட்டை இரண்டு முறை நிரப்பினாள். பிறகு அந்த வீட்டுக்குப் போய், கேனில் மீதியிருந்த மாவையும் மாற்றினோம். பன்னிரண்டு பத்து.

நான்கு வீட்டு மாவையும் வழியில் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கிழவியுடையதில் லேசான சிவப்பு. மஞ்சள் கேனில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு. ஜெயிலோசியுடையதிலும் பெயின்ட் வாளியிலும் சுத்தமான வெள்ளை. நீலப் பேசின் இந்த இரண்டு ஜோடிக்கும் நடுவில் அரைபட்டது.

நீலப் பேசினின் வீடு ஆற்றுப் பக்கம், என் பட்டியலில் 212. கணவன் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் மூன்று மாதம். வீட்டில் இருபத்திரண்டு வயதுப் பெண், ஐந்து வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். தூரத்திலேயே புகை தெரிந்தது. ஜெயிலோசியைச் சாலையில் நிற்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் நடந்தோம். அப்போது பன்னிரண்டு இருபத்தைந்து.

அவள் மூன்று கல் அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். முதலில் கூழைக் கலக்கிய சின்னத் துடுப்பு பையன் கையில் இருந்தது. அவன் அதை நக்கிக்கொண்டிருந்தான்.

ஃபலேசி துடுப்பைப் பிடுங்கி, விரலை அவன் வாய்க்குள் விட்டு வழித்தாள். பையன் அலறினான்.

"மாவுல டீசல் கலந்திருச்சு கண்ணு. பானையை இறக்கு."

அந்தப் பெண் கிளறுவதை நிறுத்தவில்லை. "டீசல் வாசனை வரலியே அக்கா."

"வராது. சூடாக்குனா வாசனை போயிடும், கெடுதல் நிக்கும்."

"நான் நல்லா மோந்து பாத்தேன்."

"அளவுக்கு அளவு வேற மாவு தர்றேன். அதுக்கு மேலயே தர்றேன்."

"எனக்கு என்னுதே போதும். நான் யாருகிட்டயும் கேக்கல."

கூரைக் கழியில் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதிக் கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நிறைந்ததுபோலத் தெரியும். காற்றில் ஆடியது. ஐந்து கிலோ எடை காற்றில் ஆடாது. ஃபலேசியும் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்பருகே குந்தி, இடுப்புத்துணி முனையால் பிடித்துப் பானையை இறக்கி, தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தப் பெண் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மூணு தண்ணி கழுவினேன் அக்கா. நாலாவது தண்ணி தெளிவாத்தான் வந்துச்சு."

"தெரியும்," என்றாள் ஃபலேசி. "டீசல் எத்தனை தண்ணி கழுவினாலும் போகாது."

பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை. தானும் மகளும் ஒன்றும் தின்னவில்லை என்றாள். பையன் பன்னிரண்டு இருபதிலிருந்து நக்கினான், இரண்டு வாய் அளவு இருக்கும்.

சுகாதார நிலையம் ஏழு கிலோமீட்டர். அங்கே போனால் என்ன தின்றான் என்று கேட்பார்கள். அதை நினைத்துத்தான் அந்தப் பெண் அசையாமல் நின்றாள். "அங்கயும் டீசல்னே சொல்லு," என்றாள் ஃபலேசி.

"அங்க அதைச் சொல்லக் கூடாது," என்றேன் நான். "டீசலுக்கு ஒரு வைத்தியம், இதுக்கு ஒரு வைத்தியம். நீங்க யாரும் வாயைத் திறக்க வேண்டாம். நான் எழுதித் தர்றேன்."

பொட்டலத்தை இறக்கச் சொல்லி, அதில் அச்சடித்திருந்த மருந்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். கீழே பையனின் வயது, நேரம், அளவு. கழுவியது, அரைத்தது, வெந்தது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஜெயிலோசி தாயையும் பையனையும் ஏற்றினான்.

"டீசல் குடிச்ச பயலா? புகை எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துக்க தங்கச்சி," என்றான். பாவம், அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்கு அவன் மிதித்ததுபோல் வேறு எவனும் மிதித்து நான் பார்த்ததில்லை. ஒன்று இருபத்தைந்துக்கு அவன் சேர்ந்தான். நான் சேர்ந்தது ஒன்று ஐம்பதுக்கு. என் கையில் இருந்த தாள் அந்த இருபத்தைந்து நிமிடம் தாமதமானது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அவனிடமே கொடுத்திருக்கலாம். அவன் படித்துவிடுவானே என்று நினைத்தேன்.

மருத்துவ உதவியாளர் தாளைப் படித்தார். தாயைப் பார்த்தார். மறுபடி மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை. கரிப்பொடி கலந்த கறுப்புத் தண்ணீரைப் பையனுக்குக் குடிக்கக் கொடுத்தார். "அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். எச்சில் ஒழுகினாலோ, கை நடுங்கினாலோ, மூச்சு மாறினாலோ கூப்பிடுங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். கால் மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதினேன். இரண்டே கால்: தூங்குகிறான். இரண்டரை: தூங்குகிறான், மூச்சு இருபத்தெட்டு. இரண்டே முக்கால்: அதேதான். தூக்கமா மயக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்கும் தெரியவில்லை. அவள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவன் காதை நிமிண்டினாள். சிணுங்கினால் விட்டாள். மூன்று பத்துக்கு எச்சில் ஒழுகியது. கூப்பிட்டேன். உதவியாளர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்ததுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. மூன்று இருபதுக்குக் கறுப்பாக வாந்தி எடுத்தான். மூன்றரைக்கு இடது கை நடுங்கியதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. நோட்டில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். என் பதிவுகளில் வேறெங்கும் கேள்விக்குறி கிடையாது.

நான்கு நாற்பதுக்கு ஒரு சிறுமி மாம்பழம் சப்பிக்கொண்டே வராந்தாவில் போனாள். பையன் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக் கையை நீட்டினான். உதவியாளர் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் திரும்பியபோது ஃபலேசி அந்த வீட்டு வாசலில் இருந்தாள். மகளுக்கு நல்ல மாவில் நசிமா கிளறிக் கொடுத்திருந்தாள். கெட்ட மாவு முழுவதையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்திருந்தாள். துணிக்குழாயை எரித்திருந்தாள். பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவன் வாயையே பார்த்தாள்.

மூன்று நாள் கழித்து மழை வந்தது, நாற்பத்தொரு மில்லிமீட்டர். ஃபலேசி தன் விதையில் பாதியை 212ஆம் வீட்டுக்குக் கொடுத்தாள். அந்த வீடு விதைத்தது தன் கூரைப் பொட்டலத்திலிருந்துதான் என்று ஊர் நம்பியது. அந்த பிப்ரவரி முழுக்க ஃபலேசி தவிட்டுக் கஞ்சியும் பூசணி இலையும் தின்றாள். அவளுடைய வரிசையில் இருபதுக்கு மேல் நின்ற பேசின்கள் ஆறாகவும் ஏழாகவும் குறைந்தன. பழைய எண்ணிக்கை திரும்ப ஒன்றரை வருடம் ஆனது. ஜெயிலோசி வைத்த பெயர் மட்டும் போகவே இல்லை. இன்றும் அவள் டீசல் ஃபலேசிதான். சிறு பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பையனும் சொல்கிறான்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்க. அவ பேரை மட்டும் விட்டுடுங்க."

"வீட்டு எண்?"

"அது உங்க பட்டியல்லதான இருக்கு, யாருக்குத் தெரியும்? மாத்தி எழுதுங்க."

மாற்றி எழுதியிருக்கிறேன். மற்றவை எல்லாம் சரி.

இப்போது ஒவ்வொரு பேசினிலும் ஒரு பிடி எடுத்து, தம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் அரைக்கிறாள். "சோளத்துக்கு டீசல் பரிசோதனையா?" என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். கழுவி வெளுத்த விதை தண்ணீரில் நிறம் விடாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே ஜனவரி வந்தால் மில் வாசலில் புதிதாக ஒரு கோழியை விடுகிறாள். என்ஜினை விட்டு நகர முடியாததால், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை சாலைக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கத்துவாள்.

"மாமா, கோழி நடக்குதா?"

நான் எழுந்து பார்த்துவிட்டுச் சொல்வேன், "நடக்குது."

அதன் பிறகுதான் அடுத்த பேசினைக் கொட்டுவாள்.